கற்பிப்போர் கற்ற வழி: வட ஆற்காட்டுத் தோல் வட்டாரமும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய அறிவியலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், பள்ளி மணி அடித்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரம் கல்வியாளர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று. ஷூ கம்பெனி வேலைக்குப் போன தாய்மார் பலர் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். அதுவரை பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருவது யார் என்பது ஒரு கேள்வி. அவர் எங்கே, எப்படிக் கற்றார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மாலை நேர வகுப்புகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. கற்பிப்பவருக்குத் தரப்பட்ட பயிற்சியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது. பயிற்சி பெற்றவர் பாடம் நடத்திவிட்டு, எழுந்த சந்தேகங்களோடு திரும்பிவந்து உட்கார ஓர் இடம் இருந்தபோதெல்லாம் அறிவியல் வேரூன்றியது. தொடக்கப் பயிற்சியோடு கதவு மூடப்பட்டபோது கருவிப்பெட்டி மட்டுமே மிஞ்சியது.

இந்த வரலாற்றின் முதல் பாடம் தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியா கிராமிய மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்களே கோடை முகாமில் மாணவர்களைப் போலக் குழுக்களாக உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்த்தார்கள். அதன் பிறகு மாதந்தோறும் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் தவறிப்போனது, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று அங்கே பேசப்பட்டது. அந்தப் பேச்சைக் கொண்டே பாடநூல் திருத்தப்பட்டது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அது பள்ளி நேரத் திட்டம்தான். ஆனாலும் பள்ளிக்கு வெளியே அறிவியல் சொல்லித்தர முனைந்த மக்கள் அறிவியல் இயக்கங்களுக்கு அந்த மாதக் கூட்டமே நல்ல முன்மாதிரி. 1980இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இன் பாரத மக்கள் அறிவியல் கலைப்பயணத்தில் பங்கேற்றதும், அதே ஆண்டு ‘துளிர்’ சிறுவர் இதழைக் கொண்டுவந்ததும் இங்கே நினைக்கத்தக்கவை. கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு சோதனை செய்துகாட்டும் இளைஞர்களை அந்தச் சூழல்தான் உருவாக்கியது. 1993இல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகத் தம் ஊர்ப் பிரச்சினையைத் தம் மொழியிலேயே ஆராய வேண்டும். வழிகாட்டி ஆசிரியருக்கும் விடை முன்கூட்டித் தெரிந்திருக்காது. ஆசிரியரையும் ஆய்வாளராக்கிய அந்த ஏற்பாட்டை, பயிற்சி என்ற பெயர் சூடாத மிகச் சிறந்த பயிற்சி என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இதே காலத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் வேறொரு மரபை விட்டுச்சென்றது. மாவட்டக் கருத்தாளர், அவரிடம் பயின்ற முதன்மைப் பயிற்றுநர், அவரிடம் பயின்ற தொண்டர் என்ற மூன்றடுக்கு முறை ஆயிரக்கணக்கானோரைச் சில வாரங்களில் களத்தில் இறக்கியது. எழுத்தறிவுக்கு அது பொருந்தியது. அறிவியலில் ஒவ்வோர் அடுக்கிலும் ஏதோ ஒன்று சிந்திப்போகிறது. முதலில் சிந்துவது ‘ஏன்’ என்ற கேள்விதான். இந்தத் தோல் வட்டாரத்தை அன்று உள்ளடக்கியிருந்த வேலூர் மாவட்டம் அந்த முறைக்கு மாற்று ஒன்றைக் கண்டது. 1990களின் பிற்பகுதியில் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களின் சிறப்புப் பள்ளிகள் வழியாக ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் செயல்வழிக் கற்றலை நெருங்கினார். அதுவே 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்குப் போய், 2007 வாக்கில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் பரவியது. தமிழகத்தில் அந்தக் கல்விமுறையின் விதை வழக்கமான வகுப்பறைக்கு வெளியே, பீடியும் தோலும் பிழைப்பாக இருந்த மாவட்டத்தில் ஊன்றப்பட்டது என்பதை இன்று அதிகம் பேர் நினைவுகூர்வதில்லை. ஒரு நல்ல வகுப்பை நேரில் பார்த்து, கேட்டு, செய்து பழகியதே அங்கு பயிற்சியின் உயிர்.

கொரோனாவுக்குப் பிறகு அரசே மாலை வகுப்புக்குள் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையான பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு பாடம் சொல்லித்தந்தது. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அடுத்த ஆண்டு நவம்பர் 28இல் திருச்சி காட்டூரில் ‘வானவில் மன்றம்’ தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, 710 கருத்தாளர்கள் கருவிகளோடு நேரில் போய் அறிவியலும் கணிதமும் செய்துகாட்டும் திட்டம் இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள். நாளுக்கு ஒரு பள்ளி என்று ஓடினாலும், ஒரு பள்ளிக்கு அவர் மாதம் ஒருமுறைதான் வர முடியும். மீதி நாட்களில் பிள்ளைகளோடு இருப்பவர் பள்ளியின் ஆசிரியரும் தெருவின் தன்னார்வலரும்தான். கருத்தாளரின் வருகை அவர்களுக்கும் பயிற்சி நாளாக அமையாவிட்டால், பிள்ளைகள் ஒரு நல்ல காட்சியைக் கண்டதோடு விஷயம் முடிந்துவிடும்.

இந்த வட்டாரத்தில் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தடவிக் காயவைத்த தாளில் சுண்ணாம்புத் தெளிநீரை ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். காரம், அமிலம் என்று இரண்டு சொற்களை மனப்பாடம் செய்தவருக்கு இதோடு வகுப்பு முடிந்தது. ஆனால் ஆம்பூர்ப் பிள்ளை அடுத்துக் கேட்கக்கூடியது, தோல் ஷாப்பு எனப்படும் தோல் பதனிடும் ஆலையின் தண்ணீர் பட்டால் தாள் சிவக்குமா என்பது. மயிரை இளக்குவதற்குப் பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் நீர் பட்டால் சிவக்கும். குரோம் ஏற்றும் முன் உப்பும் அமிலமும் கலந்து தோலைப் பக்குவப்படுத்தும் நீர் பட்டால் சிவக்காது. பல நிலைகளின் கழிவும் கலந்து நடுநிலைக்கு வந்த நீரிலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு வயலையே பாழாக்கப் போதுமானதாக இருக்கலாம். ஒரு சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதுதான் இங்கே உள்ள அறிவியல். இதை எந்தக் கையேடும் ஒரே நாளில் ஊட்டிவிடாது. பிள்ளை கேட்ட கேள்வியோடு தன்னார்வலர் திரும்பிப்போய், மற்றவர்களோடு அதைச் செய்து பார்க்கும்போதுதான் பிடிபடும்.

தன்னார்வலருக்குத் தொடர்ந்து பயிற்சி தந்து அறிவியல் சொல்லித்தர வைப்பதற்கு வரும் முதல் மறுப்பு, பி.எட். படிக்காதவரிடம் அறிவியலை ஒப்படைப்பதே தவறு என்பது. சான்று இதை முழுதாக ஆதரிக்கவில்லை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காட்டுக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ காரணம். அந்த ஆய்வு அளந்தது மொழியையும் கணக்கையும். அறிவியலுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பட்டம் இல்லாதவராலும் கற்பிக்க முடியும் என்பதற்கு அதுவே போதும். இன்னொரு மறுப்பு, லட்சக்கணக்கானோரை அடிக்கடி கூட்ட அரசால் முடியாது என்பது. இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. குறுவள மையங்களும் வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றறிக்கை வாசிக்காமல் சோதனை செய்வதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். உருது வழியில் படிக்கும் பிள்ளைகளும் நிறைந்த வட்டாரம் இது என்பதால், தமிழும் உருதுவும் தெரிந்த தன்னார்வலர்களை அந்தக் கூட்டத்தில் முன்னே உட்கார வைக்க வேண்டும்.

கடினமான மறுப்பு இன்னொன்று. தோல் கழிவு கலந்த பாலாற்று நீரைப் பிள்ளைகள் சோதிக்கத் தொடங்கினால் அது பெற்றோரின் சோற்றில் கைவைப்பதாகாதா? இந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். குரோமியம் எது, எந்த வடிவில் அது நஞ்சு, கையுறை எதற்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கே உரியது. யாரையும் குற்றவாளியாக்காமல் அளவையும் காரணத்தையும் பேசத் தெரிந்தவர்தான் அதைச் சொல்லித்தர முடியும். பயிற்சி மிக அதிகமாகத் தேவைப்படும் இடமும் அதுவே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே அன்றாடம் நீரைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்து, உப்பின் அளவை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று தன்னார்வலர்கள் முன் செய்துகாட்டச் சொல்வதற்குப் புதிய திட்டமோ பெருநிதியோ தேவையில்லை. வட்டாரக் கல்வி அலுவலரின் ஒரு கடிதம் போதும்.