தன் பாட்டையே மறந்த பறவை... ஆஸ்திரேலியக் காடுகளில் என்ன நடக்கிறது?

குரலை மட்டும் கேட்டால் அது வேறொரு பறவை. நிமிர்ந்து பார்த்தால், கிளையில் உட்கார்ந்திருப்பதோ கருப்பும் மஞ்சளும் கலந்த 'ரீஜென்ட் ஹனிஈட்டர்'! தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கள ஆய்வுக்குச் சென்ற ஆய்வாளர்கள் இப்படிப் பலமுறை குழம்பிப் போயிருக்கிறார்கள்.

வேற பறவை மாதிரி பாடினா என்ன குறைஞ்சிடும்னு தோணலாம். ஆனால் இந்த இனத்துக்கு அது வாழ்வா சாவா பிரச்னை.

எதைச் சாப்பிடும், எங்கே வாழும்?

பூந்தேன்தான் முக்கிய உணவு. யூகலிப்டஸ் பூக்களிலும், அந்த மரங்களில் வளரும் புல்லுருவிப் பூக்களிலும் தேன் குடிக்கும். பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். யூகலிப்டஸ் ஒவ்வொரு ஆண்டும் ஒரே இடத்தில் ஒரே அளவில் பூக்காது. அதனால் பூ எங்கேயோ, அங்கே இந்தப் பறவை.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிந்தவை இவை. விவசாயத்துக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. மிச்சமிருக்கும் மரங்களிலும் 'நாய்ஸி மைனர்' போன்ற முரட்டுப் பறவைகள் இவற்றை அண்ட விடுவதில்லை. 2021 நிலவரப்படி காட்டில் இருந்தவை சுமார் 300 மட்டுமே.

சொந்தப் பாட்டு எப்படி மறந்துபோகும்?

குழந்தை பேச்சைக் கற்பதுபோல, பாடும் பறவைகளும் பெரியவற்றைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. கூட்டில் குஞ்சு இருக்கும்போது எதிரிகள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அப்பா பறவை பெரும்பாலும் பாடுவதில்லை. எனவே கூட்டை விட்டு வெளியே வந்தபிறகு, மற்ற ஆண் பறவைகளிடம்தான் குஞ்சு கற்க வேண்டும்.

அப்போ பக்கத்துல சொந்த இனமே இல்லேன்னா? காதில் விழும் பிற பறவைகளின் பாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஆய்வு சொன்னது என்ன?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஸ் கிரேட்ஸ் தலைமையிலான குழு இந்தப் பறவைகளைத் தேடி அலைந்து, பாட்டைப் பதிவு செய்தது. எந்த ஆணுக்கு ஜோடி கிடைத்தது என்பதையும் குறித்தது. 2021-ல் முடிவுகள் வெளியாகின.

• 12% ஆண் பறவைகள் சொந்தப் பாட்டைப் பாடவே இல்லை. பிற இனங்களின் பாட்டையே பாடின.

• 27% ஆண் பறவைகளின் பாட்டு, அந்தப் பகுதியின் வழக்கமான பாட்டிலிருந்து மாறுபட்டிருந்தது.

• வித்தியாசமாகப் பாடிய ஆண்களுக்கு ஜோடி கிடைப்பது குறைவாக இருந்தது.

உணவுக்குப் போட்டி போடும் பெரிய பறவைகளை ஏமாற்றவே இது குரலை மாற்றுகிறது என்ற கருத்து முன்பு இருந்தது. ஆனால் இந்தப் பறவைகள் மிகக் குறைவாக உள்ள இடங்களில்தான் மற்ற இனங்களின் பாட்டு அதிகம் கேட்டது. அதாவது, இது தந்திரம் இல்லை. சொல்லித்தர ஆள் இல்லாத நிலை.

மீட்க முடியுமா?

சிட்னியின் டரோங்கா உயிரியல் பூங்காவில் இந்த இனம் வளர்க்கப்பட்டு, காட்டில் விடப்படுகிறது. அங்கே குஞ்சுகளுக்குப் பாட்டு வகுப்பும் நடக்குது! காட்டுப் பறவைகளின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். காட்டில் பிறந்த ஆண் பறவைகளையும் 'வாத்தியார்' ஆக்கியிருக்கிறார்கள்.

பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் வெளியே போகும் பறவைக்குத் தேன் கிடைக்க, பூக்கும் மரங்கள் மிச்சமிருக்க வேண்டும்.