வெள்ளீயத் தீவும் ஒரு விதவையின் கடிதங்களும்

புக்கெட் விமான நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தலாங் வட்டாரத்தில் ஒரு பெரிய சாலை வட்டம் வருகிறது. அதன் நடுவே உயர்ந்த பீடத்தின்மேல் வாளேந்திய இரு பெண்களின் சிலைகள் நிற்கின்றன. எங்களை ஏற்றிவந்த ஓட்டுநர் அவ்விடத்தைக் கடக்கையில் ஒரு கணம் இரு கைகளையும் எடுத்துக் கூப்பிவிட்டு மறுபடியும் வண்டியைப் பிடித்துக்கொண்டார். பின்னிருக்கையில் இருந்த நாங்கள் மூவரும் பதறிப்போனோம். அவர் பதறவில்லை, பழகிய கை.

கடற்கரையும் நீலக்கடலும் பார்க்கத்தான் கிளம்பினோம் என்பதை ஒளிப்பானேன். ஆனால் அந்த இரண்டு பெண்கள் யார் என்ற கேள்வி முதல் நாளே எங்களைப் பற்றிக்கொண்டது. திரும்பிவரும்போது கடலைவிட அவர்களைப் பற்றியே அதிகம் பேசிக்கொண்டு வந்தோம்.

முதலில் பெயர். புக்கெட் என்பது மலாய் மொழியில் குன்றைக் குறிக்கும் 'புக்கிட்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். பழைய ஐரோப்பிய வரைபடங்களில் இத்தீவு 'ஜங்க் சிலோன்' என்று காணப்படும். நம்மவர் யாரேனும் அந்த வரைபடத்தைப் பார்த்தால் இலங்கைக்கு இங்கே என்ன வேலை என்று திகைப்பர். வேலை ஒன்றுமில்லை. 'உஜோங் சலாங்', அதாவது சலாங் முனை, என்று மலாய் மாலுமிகள் சொன்னது ஐரோப்பியர் செவியில் அப்படி விழுந்தது, அவ்வளவுதான். சலாங் என்பதே தாய் நாட்டார் வாயில் தலாங். இன்று அந்தப் பழைய பெயரைப் பத்தோங் கடற்கரையில் ஒரு பேரங்காடி சூடிக்கொண்டிருக்கிறது.

பெயரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாக் கையேடுகள் சிலவற்றில், 1025-ஆம் ஆண்டுத் தமிழ் ஆவணம் ஒன்று இத்தீவை 'மணிக்ராம்' என்று அழைத்ததாகவும், அதன் பொருள் பளிங்கு மலை என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் நமக்கு ஒரு பெருமிதம் பிறப்பது இயல்பு. ஆனால் பெருமிதம் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது. மணிக்கிராமம் என்பது மலையன்று. தென்னாட்டு வணிகக் குழு ஒன்றின் பெயர். 1025 என்பது முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பின் ஆண்டு. அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலத்தை, புக்கெட்டுக்கு வடக்கே பெருநிலத்தில் உள்ள தகுவா பா என்ற துறைமுகத்தோடு அறிஞர் பலர் பொருத்திப் பார்ப்பர். அதே தகுவா பாவில்தான் மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அது சோழர் காலத்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டினது; மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர்களுள் ஒன்றான 'அவனிநாரணம்' என்ற பெயரால் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாருடைய காவலில் விடப்பட்டதையும் சொல்வது. இவ்விரண்டு செய்திகளையும் யாரோ குழப்பிவிட்டதன் விளைவே கையேட்டின் பளிங்கு மலை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தவறான பெருமையைக் கழித்த பின்னும் மிஞ்சுவது குறைவில்லை. தகுவா பாப் பகுதிக் காட்டில் கண்டெடுக்கப்பட்ட திருமால் சிலை தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாலை வட்டத்துச் சிலைகளுக்குச் சற்றே அருகில்தான் அக்கட்டடம். அந்தச் சிலையின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். கடல் கடந்து வந்தவர்கள் முதலில் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காவிரிக்கரைக்காரர், அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

தமிழ் வணிகர் முதல் ஐரோப்பியர் வரை பலரை இப்பகுதிக்கு இழுத்த பொருள்களில் முதன்மையானது வெள்ளீயம். தகுவா என்ற தாய்ச் சொல்லுக்கே ஈயம் என்றுதான் பொருள். ஆயுத்தயாவை ஆண்ட நாராய் மன்னர், ஒல்லாந்தரை நம்பாமல், 1680-களில் ஷார்பொன்னோ என்ற பிரெஞ்சு மருத்துவ ஊழியரை இத்தீவுக்கு ஆளுநராகவே அமர்த்தினார். 1688-இல் அரசு கவிழ்ந்தது, பிரெஞ்சுக்காரர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய தளபதி தெஃபார்ழ் 1689-இல் தீவைப் பிடித்து வைத்துக்கொண்டு சில மாதம் பேரம் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. இந்தக் கதையை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

நீட்ட வேண்டியது அந்த இரு பெண்களின் கதை. மூத்தவர் பெயர் சான், இளையவர் முக். 1785-இல் பர்மிய மன்னர் போதவ்பயா, ஒரே சமயத்தில் பல முனைகளில் சயாமின் மீது படை செலுத்தினார். தாய் வரலாற்றில் அது 'ஒன்பது படைகளின் போர்' எனப்படுகிறது. அவற்றுள் ஒரு பிரிவு மேற்குக் கடற்கரை வழியே கப்பல்களில் வந்து தலாங்கை முற்றுகையிட்டது. தீவின் ஆளுநர் அப்போதுதான் இறந்திருந்தார். அவருடைய மனைவியே சான். தங்கை முக்கையும் ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு அவர் எதிர்த்து நின்றார். ஆள் பற்றாக்குறையை மறைக்கப் பெண்களுக்கு ஆண் உடை அணிவித்து, தென்னை மட்டையை ஆயுதம்போல் செதுக்கிக் கையில் கொடுத்து, பகைவர் கண்ணில் படும்படி அணி அணியாக நடமாடச் செய்தார் என்பது தீவு மக்கள் இன்றும் சொல்லும் கதை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, உணவு தீர்ந்து, நோய் கண்டு, 1785 மார்ச் 13 அன்று பர்மியர் விலகினர். அந்நாள் இன்றும் வீராங்கனையர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பாங்காக்கில் முதலாம் இராமா மன்னர் மூத்தவருக்குத் தாவ் தெப் கசத்ரி என்றும், இளையவருக்குத் தாவ் சி சுந்தோன் என்றும் பட்டம் அளித்தார். சற்றே காதைத் தீட்டிக்கொண்டால் 'தேவ க்ஷத்ரி', 'ஸ்ரீ சுந்தர' என்ற வடசொற்கள் இவற்றுக்குள் ஒலிப்பது கேட்கும். சிலைகள் நிறுவப்பட்டது 1966-இல்.

சிலை சொல்லும் கதை இத்தோடு முடிகிறது. ஆனால் சானின் கதை முடியவில்லை. எங்களைப் பிடித்து உலுக்கியது இந்த மிச்சக் கதைதான்.

அக்காலத்தில் தலாங்கில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கில வணிகர் வாழ்ந்துவந்தார். மார்ட்டினா ரோசல்ஸ் என்ற கலப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர். தாக்சின் மன்னருக்குத் துப்பாக்கிகள் தருவித்துக் கொடுத்ததால் 'பிரயா ராச்ச கப்பித்தான்' என்ற சயாமியப் பட்டமும் பெற்றிருந்தார். பர்மியக் கப்பற்படை வரப்போவதைத் தீவாருக்கு முன்கூட்டி அறிவித்தவரும் இவரே. இவருக்கு மலாய், சயாம் அரசர்களும் அதிகாரிகளும் எழுதிய கடிதங்கள் பெருந்தொகையாக இலண்டனில் கீழைத்தேயக் கல்விக்கான பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் தலாங்கிலிருந்து தாய் மொழியில் எழுதப்பட்டவையும் உண்டு. சான் எழுதியவையும் உண்டு.

கடிதங்களில் வாள் இல்லை. அரிசி இருக்கிறது, ஈயம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வாங்கிய சரக்குக்குத் தரவேண்டிய பாக்கி இருக்கிறது. போருக்கு முன்பே அந்தக் குடும்பம் பாங்காக் அரசுக்குச் செலுத்தவேண்டிய ஈய வரியில் பின்தங்கியிருந்தது. கணவர் இறந்ததும் அந்தச் சுமை மனைவியின் தலையில் விழுந்தது. ஆக, வாளேந்தும் முன்பே அரசு அதிகாரிகளுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருந்தவர் அவர். பர்மியர் போன பின் வயல்கள் பாழாகிக் கிடந்தன. தீவில் சோற்றுக்கு வழியில்லை. ஈயத்தைச் சேர்த்து அனுப்புகிறேன், அதற்கு ஈடாக அரிசி அனுப்பி உதவுங்கள் என்று அவர் லைட்டைக் கேட்கிறார். வெற்றி பெற்ற தளபதி, வெற்றிக்கு மறு ஆண்டு ஒரு வெளிநாட்டு வணிகரிடம் தவணை கேட்கிறார்.

இதைப் படித்ததும் எங்களுக்குள் ஒரு விவாதம் மூண்டது. பீடத்தின் மேல் நிற்கும் உருவத்தை இக்கடிதங்கள் சிறுமைப்படுத்துகின்றன என்றார் நண்பர் ஒருவர். கடன்பட்டவர் என்ற செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்றும் கேட்டார். எங்களில் மற்ற இருவருக்கும் அது உடன்பாடில்லை. ஒரு மாத முற்றுகையைத் தாங்குவதைக் காட்டிலும், அதன் பிறகு வந்த பசியைத் தாங்குவதும், கணக்கெழுதுவதும், கெஞ்சாமல் கேட்பதும் கடினம். நெடுங்காலம் ஒருவரோடு வாணிகம் செய்தவர் எழுதும் எழுத்து அது. தன் பக்கத்து ஈயத்தின் மதிப்பை அறிந்த எழுத்து. வாளேந்திய உருவம் எங்களிடமிருந்து விலகி நின்றது; கடிதமெழுதியவர் அருகில் வந்து உட்கார்ந்தார். விவாதம் இரவு உணவோடும் முடியவில்லை.

லைட்டுக்கு இத்தீவின்மீதே ஒரு கண் இருந்தது. ஜங்க் சிலோனைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் யோசனை சொல்லியிருந்தார். முடிவில் கம்பெனி பினாங்கைத் தேர்ந்தது. 1786 ஆகஸ்டில் அங்கே அவரே கொடியேற்றினார். அரிசி கேட்டு எழுதிய அம்மையாருக்கு, தம் தீவு ஒருவருடைய குறிப்பேட்டில் இப்படியொரு பட்டியலில் இருந்தது தெரிந்திருக்குமோ என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு செய்தியைச் சாலை வட்டம் சொல்வதில்லை. 1809-இல் பர்மியர் மீண்டும் வந்தனர். இம்முறை தலாங் வீழ்ந்தது. ஊர் எரிக்கப்பட்டது, மக்கள் சிறைபிடிக்கப்பட்டனர், தப்பியவர் கடல் கடந்து பங்ஙாவுக்கு ஓடினர். சயாமுக்குத் துணையாகக் கெடாவின் கப்பற்படை சென்று பொருததை 'சயிர் சுல்தான் மௌலானா' என்ற மலாய்க் கவிதை நூல் விரிவாகப் பாடுகிறது. இன்று உலகமே வந்து இறங்கும் அந்தத் தீவு, அதன் பின் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஆளற்றுக் கிடந்தது. வென்ற முற்றுகைக்குச் சிலை உண்டு. தோற்ற முற்றுகைக்குக் கவிதை, அதுவும் அண்டை நாட்டு மொழியில்.

அதன் பிறகு தீவை நிரப்பியவர்கள் சீனர்கள், பெரும்பாலும் ஹொக்கியன் மொழி பேசியோர். ஈயச் சுரங்கங்களில் கூலிகளாக வந்து, சிலர் முதலாளிகளாயினர். 1876-இல் சுரங்கத் தொழிலாளர் கலகம் வெடித்தபோது சலோங் புத்த விகாரையின் தலைமைத் துறவி லுவாங் போ சேம், ஓடிவந்த மக்களுக்கு அடைக்கலம் தந்தார். இன்றும் அங்கே அவருடைய உருவத்துக்குப் பொன் தகடு ஒட்டுகிறார்கள். நகரில் தலாங் சாலையின் இருமருங்கிலும் எல்லாரும் படமெடுத்துக்கொள்ளும் வண்ண வீடுகள் அந்த ஈயப் பணத்தில் எழுந்தவை. பினாங்கு, ரங்கோன் போக்குவரத்தும் அந்தச் சீனக் குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்களுள் கோ சிம் பீ என்பவர் மேற்குக் கடற்கரை மாகாணங்களுக்கே ஆணையர் ஆனார். ரப்பர் மரத்தைச் சயாமுக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர். ஈயம் அள்ளும் மிதவை இயந்திரங்களை 1907-இல் ஆஸ்திரேலியரின் உதவியோடு துறைமுகத்தில் இறக்கியதும் அவர் ஆட்சியில்தான். 1913-இல் துராங்கில் சுடப்பட்டு மாண்டார்.

ஈயம் எப்படி முடிந்தது என்பதும் வரலாறே. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயக் கசடிலிருந்து டாண்டலம் என்ற அரிய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையொன்று தீவில் தயாராகிக்கொண்டிருந்தது. அது காற்றையும் கடலையும் கெடுக்கும் என்று அஞ்சிய மக்கள் 1986 ஜூன் 23 அன்று பல்லாயிரக்கணக்கில் திரண்டனர், ஆலை தீக்கிரையானது. சுரங்கத்துக்கும் சுற்றுலாவுக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று கருதுகிறோம். அத்தீர்ப்பில் எல்லாருக்கும் பங்கு கிடைத்துவிடவில்லை. தென்முனையில் ராவாய்க் கடற்கரையில் வாழும் உராக் லாவோய் என்னும் கடல்சார் மக்கள், காகிதத்தில் பட்டா இல்லாத காரணத்தால், முன்னோர் வாழ்ந்த மண்ணுக்கும் தொழுத இடத்துக்கும் போராட வேண்டியதாயிற்று. 2016-இல் அது கைகலப்பாகவும் ஆனது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை பற்றி நாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே காலையில் நாகப்பட்டினத்திலும் அதே கடல்தான் ஏறியது.

கடைசி நாள், விமான நிலையத்துக்கு அதே ஓட்டுநர் வந்தார். கடிதங்களைப் பற்றி அவரிடம் சொன்னோம். அவர் கேள்விப்பட்டதில்லையாம். சிறிது தூரம் பேசாமல் வந்தவர், தம் பாட்டி காலையில் மரத்தட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய் மணலை அலசி ஈயம் சேர்ப்பார் என்றார். நாள் முழுதும் இடுப்பளவு நீரில் நின்று கிடைக்கிற கறுப்பு மணலைச் சீனர் கடையில் கொடுத்து அரிசி வாங்கி வருவாராம். 'அவரும் தவணை சொல்லித்தான் வாங்குவார்' என்று சிரித்தார். அதற்குள் சாலை வட்டம் வந்துவிட்டது. அவர் கைகள் எழுந்தன. இம்முறை நாங்களும் கூப்பினோம்.