கூலி பெறாத கூலிகள்: குமாவுன் மலைகளில் ஒரு வேட்டைப் பயணம் திட்டமிடப்பட்ட விதம்

1884ஆம் ஆண்டில் காத்கோதாம் வரை இரயில் பாதை வந்து சேர்ந்தது. அதன்பின் ஐக்கிய மாகாணச் சமவெளியில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு குமாவுன் மலைகளுக்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்வது எளிதாயிற்று. அவர்கள் விரும்பிய தடங்களுள் ஒன்று பிண்டாரி பனியாற்றை நோக்கிச் செல்வது: அல்மோரா, பாகேஸ்வர், கப்கோட், லோஹார்கேத், டாகுரி, காதி, துவாலி, ஃபுர்கியா. கீழே சரயு ஆற்றில் மாசீர் மீன். நடுமலைச் சரிவுகளில் கோரல். அதற்கும் மேலே இமயமலை வரையாடும் பரல் ஆடும் மோனல் கோழியும். பயணக் குறிப்புகளில் பெரிதும் இடம்பெறுபவை இவையே.

ஆனால் அல்மோராவுக்கு அப்பால் சக்கர வண்டி செல்லாது. கூடாரம், மடக்குக் கட்டில், மேசை, நாற்காலி, துப்பாக்கிப் பெட்டி, தோட்டாக்கள், தூண்டிற்கோல்கள், தகர டப்பா உணவு, மதுப்புட்டிகள், சமையற்பாத்திரங்கள் ஆகிய அனைத்தும் மனித முதுகின் மீதே ஏற வேண்டும். எனவே எந்த நாளில், எந்தத் தங்கலில், எத்தனை சுமையாட்கள் காத்திருப்பார்கள் என்பதே பயணத் திட்டத்தின் மையக் கேள்வியாயிற்று. அதற்கு விடை தந்தது சந்தை அன்று, அரசு நிர்வாகம்.

அதிகாரியின் வருகை குறித்த ஆணை வட்டார அலுவலகத்திலிருந்து பட்வாரிக்குச் செல்லும். குமாவுனில் பட்வாரி நிலவரிக் கணக்கர் மட்டும் அல்லர். காவல் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அவர் ஊர்த் தலைவரான பதானிடம் ஆள்கணக்கைச் சொல்வார். பதானிடம் ஒரு பதிவேடு உண்டு. நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். யாருடைய முறை என்பதை அந்த ஏடே தீர்மானித்தது. நிலம் வைத்திருப்பதே சுமை தூக்கும் கடமைக்கு அடிப்படை என்பதால் சாதியில் உயர்ந்தவர் எனக் கருதப்பட்டவரும் அதிலிருந்து தப்ப முடியவில்லை.

இக்கடமைக்கு மூன்று பெயர்கள் வழங்கின. பெயரளவிலேனும் ஊதியம் உண்டு என்ற சுமைப்பணி ‘கூலி உதார்’. ஊதியமே இல்லாதது ‘கூலி பேகார்’. பயண அதிகாரிக்கு விறகு, புல், பால், நெய், தானியம் முதலியவற்றைத் திரட்டிக் கொடுப்பது ‘கூலி பர்தாயிஷ்’. சட்டத்தாளில் இம்மூன்றும் வெவ்வேறாக இருந்தன. உதாருக்குரிய சிறு தொகையும் பர்தாயிஷுக்குரிய விலையும் பலமுறை கைக்கு வந்து சேராமையால், மலைக்குடியானவரின் வாழ்வில் மூன்றும் ஒன்றாகவே உணரப்பட்டன.

இம்முறையை ஆங்கிலேயர் புதிதாக உருவாக்கவில்லை. சந்த் மன்னர்கள் காலத்திலும், 1790 முதல் 1815 வரை நீடித்த கூர்க்கர் ஆட்சியிலும் கட்டாய உழைப்பு இருந்தது. 1815இல் குமாவுனைக் கைப்பற்றிய கம்பெனி அரசு அதனைத் தன் நிர்வாகத்தோடு பிணைத்து, முறைப்பட்டியலும் தண்டமும் கொண்ட ஏற்பாடாக மாற்றியது. அரசுப் பயணம், நில அளவை, படை நகர்வு ஆகியவற்றோடு அதிகாரிகளின் வேட்டையும் இந்த ஏற்பாட்டுக்குள் இயல்பாகவே நுழைந்துகொண்டது. அலுவற் பயணம் எங்கே முடிகிறது, பொழுதுபோக்கு எங்கே தொடங்குகிறது என்று சுமையைத் தூக்கியவர் கேட்க வழியில்லை.

காலக்கணக்கையும் நோக்க வேண்டும். மாசீர் தூண்டிலுக்கு ஏற்ற பருவங்கள் இளவேனிலும் மழை ஓய்ந்த இலையுதிர் காலமும் ஆகும். மலைப்பாதைகள் நடைக்கு ஏற்றவையாக இருப்பதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். அம்மாதங்களிலேயே மலைக்குடியானவர் கோதுமை அறுக்கவும், கேழ்வரகு விதைக்கவும், பின் அதனை அறுக்கவும் வேண்டும். விருந்தினரின் நல்ல பருவம் உழவரின் நெருக்கடிப் பருவமாக இருந்தது. ஒரு தங்கல் தொலைவுக்குச் சுமை கொண்டு சென்று திரும்பும் நாள்களில் வயலில் அவருக்கு மாற்றாக நின்றவர் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்களே.

1911க்கும் 1917க்கும் இடையே நிகழ்ந்த காட்டு நிர்ணயம் இந்நிலையை மேலும் கடுமையாக்கியது. கிராமத்தார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த பரந்த நிலப்பரப்புகள் காப்புக்காடுகள் ஆயின. இங்ஙனம், தன் ஊருக்கு மேலுள்ள காட்டில் தன் உரிமை சுருங்கிப்போன ஒருவர், அதே காட்டில் வேட்டையாட உரிமம் பெற்று வந்தவரின் சுமையைத் தூக்கிச் செல்ல நேர்ந்தது.

எதிர்ப்பு முதலில் சிதறலாகவே எழுந்தது. சுமை தூக்க மறுத்தவர்கள் தண்டம் கட்டினர். 1916இல் தோன்றிய குமாவுன் பரிஷத் இக்குறையைப் பொதுக் கோரிக்கையாக்கியது. 1921 ஜனவரியில் உத்தராயணித் திருவிழாவுக்காக, தமிழகம் பொங்கல் கொண்டாடும் அதே நாள்களில், சரயுவும் கோமதியும் கூடும் பாகேஸ்வரில் மக்கள் திரண்டனர். பத்ரி தத் பாண்டே, ஹர்கோவிந்த் பந்த் முதலியோர் முன்னின்றனர். இனிச் சுமை தூக்குவதில்லை என்று ஆயிரக்கணக்கானோர் சரயு நீரின் பெயரால் உறுதி பூண்டனர். பதான்கள் தாங்கள் கொண்டுவந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். அல்மோரா துணை ஆணையர் காவற்படையோடு அங்கிருந்தும் தடுக்க இயலவில்லை. இதன்பின் அரசு இம்முறையைக் கைவிட வேண்டியதாயிற்று. பிண்டாரிப் பாதையில் வேட்டைக்காரர்கள் கடந்து சென்ற அதே பாகேஸ்வரில் இது நிகழ்ந்தது என்பது கவனத்திற்குரியது.

ஆற்றில் எறிவதற்கு அந்த ஏடு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமும் தெளிவு. துப்பாக்கியோ காவலரோ இல்லாத நாளிலும் ஒருவரை வீட்டிலிருந்து வரவழைத்தது அந்தப் பெயர்ப்பட்டியல்தான். அது இல்லாவிட்டால் யாருடைய முறை என்று சொல்ல முடியாது. முறை சொல்ல முடியாவிட்டால் பயணத்தைத் திட்டமிடவும் முடியாது.

மொழியியல் நோக்கில் ‘கூலி’ என்ற சொல்லும் இங்கே சிந்தனைக்குரியது. ஆங்கிலத்தின் வழியாக உலகெங்கும் பரவிய இச்சொல்லின் பிறப்பு குறித்து இரு கருத்துகள் உள்ளன. ஒன்று குஜராத்தின் கோலி மக்களின் பெயரைச் சுட்டுகிறது. மற்றொன்று தமிழின் ‘கூலி’யை, அதாவது செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைச் சுட்டுகிறது. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். தமிழ்ச் சொல்லுக்கு இதில் பங்கு உண்டெனில், ஊதியத்தைக் குறித்த சொல் ஊதியம் பெறாதவரின் பெயராக இமயத்தில் வந்து நின்றது என்றாகும். தமிழிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாயப் பணி. இன்றைய பேச்சில் ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை. செய்தவருக்குப் பயன் தராத உழைப்பு என்ற பொருள் தேய்ந்து, பயனே இல்லாத உழைப்பு என்று ஆகிவிட்டது. உழைப்பைப் பெற்றவர் அடைந்த பயன் சொல்லின் பொருளிலிருந்து மறைந்துவிட்டது.

குடியேற்றக்கால வேட்டை நூல்களைப் படிக்கும் மாணவர்கள் அவற்றில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களைக் கவனிக்கலாம். கூடாரம் அடிக்கப்பட்டது, சுமைகள் முன்னே அனுப்பப்பட்டன, பால் வரவழைக்கப்பட்டது என்பன போன்ற இடங்களில் செய்தவர் யார் என்பது இல்லை. அவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் பதானின் ஏட்டில் இருந்தன. 1921இல் அவர்கள் தம் கையாலேயே அவற்றைச் சரயுவில் கரைத்தனர். எனவே இன்று அவர்களைத் தேடுவோர் தண்ட உத்தரவுகளையும், முறையீட்டு மனுக்களையும், அந்த ஊர்களில் இன்னும் சொல்லப்படும் குடும்ப நினைவுகளையும் ஒருசேரப் படிக்க வேண்டியிருக்கிறது.