கதவும் வண்ணமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர். மரத்திற்கோ பூச்சு என்பது அழகிற்கு அணிந்த ஆடை மட்டும் அன்று. காக்கும் கவசமும் ஆகும். மழைக்காலத்தில் ஈரத்தை உண்டு பருத்தலும், கோடையில் அதனை விட்டுச் சுருங்குதலும் மரத்தின் இயல்பு. அதனால் வெடிப்புத் தோன்றுகின்றது. வெடிப்பின் வழியே ஈரமும், ஈரத்தின் பின்னே பூஞ்சையும் கறையானும் புகுகின்றன. இவற்றைத் தடுக்க மக்கள் கையாண்ட வழிகளின் வரலாறு சுவை மிக்கது. அதன் ஒரு பகுதி நம் குழந்தைகளின் நலத்தோடும் பிணைந்துள்ளது.

நம் நாட்டின் பழைய மரப்பூச்சுக்களுள் தலைசிறந்தது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அது. பாரதக் கதையின் அரக்கு மாளிகையை அறியாதார் யார்? கருநாடகத்துச் சன்னபட்டணத்தில், கடைசலிற் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்தி, உராய்வின் சூட்டாலேயே உருக்கி நிறம் ஏற்றுங் கலை இன்றும் வாழ்கின்றது. அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்துத் துணிப்பந்தினால் தேய்ப்பதே நாற்காலி மேசைகளுக்கு இடும் பிரெஞ்சுப் பாலிஷ். அரக்கை ஆராய்தற்கென்றே 1924-ஆம் ஆண்டில் இராஞ்சிக்கு அருகே நாம்குமில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது.

வெயிலும் மழையும் தாக்கும் கதவு சன்னல்களுக்கு அரக்கு போதாது. அங்கே எண்ணெய் வண்ணம் இடம் பெற்றது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, தானே இறுகித் தோலாகின்றது. இவ்வகை வண்ணங்களைச் செய்ய 1902-இல் ஹவுராவில் ஷாலிமார் நிறுவனமும், 1942-இல் பம்பாயில் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் தோன்றின. பின்னதன் சின்னமாக 1954-இல் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த ‘கட்டு’ என்னும் சிறுவன், தூரிகையும் கையுமாக நாடெங்கும் நெடுங்காலம் காட்சியளித்தான்.

உலகெங்கும் எண்ணெய் வண்ணத்திற்கு வெண்மையும் உறுதியும் தர ஈய வெள்ளையைக் குழைப்பது பழைய வழக்கம். அவ்வீயமோ நஞ்சு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குழந்தைகள் பலர் காரணம் அறியா நோயுற்றனர். வெயிலில் வெந்து பொடியான தாழ்வாரக் கம்பியழியின் வண்ணம் அவர்தம் விரல்வழி வாய்க்குட் செல்வதே காரணம் என்று, லாக்ஹார்ட் கிப்ஸன் என்னும் மருத்துவர் 1904-இல் எடுத்துரைத்தார். 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வண்ணம் பூசுவோரின் நலங்கருதி, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையை விலக்க உடன்படிக்கை செய்தது. மாற்றாக வந்தது டைட்டானியம் வெள்ளை. அதற்குரிய இல்மனைட் மணல் மணவாளக்குறிச்சி முதலிய நம் தென்கடற்கரைகளிற் கிடைக்கின்றது. அதனைப் பயன்கொள்ளத் திருவிதாங்கூரில் 1946-இல் தொழில் நிறுவனம் ஒன்றும் தோன்றியது. ஆயினும் இந்தியாவில், வீட்டு வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பர் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

ஆதலின், பழங்குடியிருப்புக்களின் கதவுகளில் அடுக்கடுக்காகப் படிந்த பழைய பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். அது உரியாமல் உறுதியாக இருக்குமளவும் தீங்கு சிறிது, சுரண்டும்போதே பெரிது. பொங்கலுக்கும் திருமணத்திற்கும் வீட்டைப் புதுக்கும் நாம், உலர்ந்த பூச்சை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பொடியைப் பறக்கவிடுதல் தகாது. தீயால் வாட்டி உரித்தலும் ஆகாது. நீர்தாங்கும் தாளால், நனைத்தே தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் அவ்விடத்தினின்று விலக்கி, கழிவை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். பூசுவோரும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிய பின்னரே உண்ண வேண்டும்.

பின்னர் மரத்தை நன்கு உலரவிட்டு, கணுக்களுக்கு அரக்குக் கரைசல் தடவி, பிரைமர் பூசி, வெடிப்புக்களில் மக்கு அடைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, மெல்லிய பூச்சு இரண்டு இடுக. தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு இரண்டு நெடுநாள் உழைக்கும்.

விருந்தினரை முதலில் வரவேற்பது கதவு. தவழும் குழந்தை முதலிற் பற்றி எழுவதும் அதனையே. கண்ணுக்கு இனிதாய் விளங்கும் அக்கதவு கைக்கும் தீங்கற்றதாய் விளங்கச் செய்தல் நம் கடனன்றோ?