ஆசிரியப் பணியிலிருந்து மகப்பேறு செவிலியப் பணிக்கு: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

தாயாகவோ, பிரசவத் துணையாகவோ மகப்பேறு மருத்துவமனைக்கு வந்து செல்லும் ஆசிரியர்களுள் சிலர், தாமும் இப்பணியில் சேர இயலுமா எனக் கேட்பதுண்டு. இயலும். எனினும் வயது, கல்வித் தகுதி, குடும்பப் பொருளாதாரம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே தற்போதைய பணியிலிருந்து விலக வேண்டும்.

பணியின் இயல்பு

கர்ப்பகாலப் பரிசோதனை, இயல்பான பிரசவத்தைக் கவனித்தல், பிரசவத்திற்குப் பிந்தைய தாய்-சேய் நலம், தாய்ப்பாலூட்டல் மற்றும் குடும்பநல ஆலோசனை ஆகியவை இப்பணியில் அடங்கும். பிரசவத்திற்குப் பிந்தைய மிகு இரத்தப்போக்கு சில மணி நேரத்திலேயே தாயின் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே, அபாய அறிகுறிகளை உரிய நேரத்தில் கண்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிப்பதே இப்பணியின் முதன்மைப் பொறுப்பாகும்.

பயிற்சி வழிகள்

• துணைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சி (ஏ.என்.எம்.) பட்டயப் படிப்பு: 2 ஆண்டுகள். பெண்களுக்கு மட்டும்.
• பொதுச் செவிலியம் மற்றும் மருத்துவச்சிப் பணி (ஜி.என்.எம்.) பட்டயப் படிப்பு: 3 ஆண்டுகள்.
• பி.எஸ்சி. செவிலியம்: 4 ஆண்டுகள். மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் அவசியம்.

ஏ.என்.எம்., ஜி.என்.எம். படிப்புகளில் சேர இந்திய செவிலியர் குழும விதிகளின்படி பொதுவான வயது வரம்பு 17 முதல் 35 வரை. ஆசிரியர் கல்விப் பட்டம் பெற்றிருப்பதால் பயிற்சிக் காலம் குறையாது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கென 18 மாத மகப்பேறு சிறப்புப் பயிற்சித் திட்டத்தை இந்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வகுத்துள்ளன. செவிலியர் அல்லாதோர் அதில் நேரடியாகச் சேர இயலாது.

ஆசிரிய அனுபவத்தின் பயன்

கடினமான செய்தியை எளிதாக விளக்குதல், அஞ்சுபவரிடம் பொறுமை காத்தல், பதிவேடுகளை ஒழுங்காகப் பேணுதல் ஆகியவை மகப்பேறு அறையிலும் பயன்படும். ஆனால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கணித்தல், பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு உயிர்ப்பிப்பு அளித்தல் போன்ற திறன்கள் மேற்பார்வையுடன் கூடிய செயல்முறைப் பயிற்சியால் மட்டுமே கைவரும்.

சேரும் முன் உறுதி செய்ய வேண்டியவை

• பயிற்சிக் காலத்தில் ஊதியம் இல்லாத நிலையைக் குடும்பம் தாங்குமா?
• இரவுப் பணியையும் நீண்ட நேரம் நின்று பணிபுரிவதையும் உடல்நிலை அனுமதிக்குமா? முதுகுவலி, நீரிழிவு உள்ளோர் முன்கூட்டியே மருத்துவ ஆலோசனை பெறுக.
• கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் 3 தவணைகளும் நிறைவுற்றனவா?
• நிறுவனம் மாநில செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா? அங்கீகாரமற்ற குறுகிய காலச் சான்றிதழ்களைக் கொண்டு பதிவு பெற இயலாது. பதிவின்றிப் பிரசவம் பார்ப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும்.

வயது வரம்பைக் கடந்தவர்கள்

பிரசவ அறையில் தாய்க்கு ஒரு பெண் உறவினர் துணையிருக்க அனுமதிக்குமாறு அரசு மருத்துவமனைகளுக்கு இந்திய அரசு 2016-இல் அறிவுறுத்தியது. மருத்துவப் பணியில் தலையிடாமல் ஆறுதல் கூறுதல், நீர் அருந்தச் செய்தல், முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பாலூட்ட ஊக்குவித்தல் ஆகியவை இத்துணையின் கடமைகள். இதற்குப் பட்டயம் தேவையில்லை. மருத்துவமனையின் அனுமதி போதுமானது.

சேர்க்கை விதிகள் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிக்கையைப் படித்து, தகுதியை உறுதி செய்த பின்னரே பணி விலகல் கடிதம் அளிக்கவும்.