ஒரு டிக்டேஷன் பிறந்த கதை

பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் டிக்டேஷன் தெரியும். ஆசிரியர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், தப்புக்குச் சிவப்பு மை. ஆஸ்திரேலியா இதே டிக்டேஷனை அரை நூற்றாண்டுக்கு மேல் தன் துறைமுகங்களில் நடத்தியது. வாசித்தவர் சுங்க அதிகாரி. எழுதியவர் கப்பலிலிருந்து இறங்கிய சீனர், இந்தியர், பசிபிக் தீவுக்காரர். ஐம்பது சொற்கள். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது நாடுகடத்தல், அல்லது இரண்டும்.

இந்தத் தேர்வு பிறந்த இடம் ஆஸ்திரேலியா இல்லை. அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்தது. பிறக்கக் காரணமானவர்களில் நம்மவர்களும் உண்டு.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் திரும்பவில்லை. காய்கறி பயிரிட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள், சின்னக் கடை வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குஜராத்தி வணிகர்கள் சொந்தச் செலவில் வந்தார்கள். கூலியாக இருந்தவரை இந்தியரைச் சகித்துக்கொண்ட வெள்ளையர்களுக்கு, கடைக்காரராகவும் அண்டை வீட்டாராகவும் அவர் வந்து நின்றபோது பொறுக்கவில்லை. 1897 ஜனவரியில் இரண்டு கப்பல்களில் வந்த இந்தியப் பயணிகளை இறங்கவிடாமல் டர்பனில் கூட்டம் திரண்டது. அந்தப் பயணிகளில் ஒருவர் காந்தி. கரையேறிய அவரைத் தெருவில் வைத்து அடித்தார்கள்.

சில மாதங்களில் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. இந்தியர் வரக் கூடாது என்று வெளிப்படையாக எழுத அதற்கு வழியில்லை. இந்தியர்களும் விக்டோரியா மகாராணியின் குடிமக்கள். அவர்களை இனத்தின் பெயர் சொல்லி ஒதுக்கும் சட்டத்துக்கு லண்டன் ஒப்புதல் தராது. அதனால் வருகிறவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். சட்டத்தில் எங்கு தேடினாலும் 'இந்தியர்' என்ற சொல் கிடைக்காது. ஆனால் யாரைத் தடுக்க வேண்டுமோ அவரைத் தடுக்கும்.

அதே ஆண்டு மகாராணியின் வைர விழாவுக்கு லண்டன் வந்த காலனிப் பிரதமர்களிடம், குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் இந்த நேட்டால் வழியைப் பரிந்துரைத்தார். காரியமும் நடக்கும், பேரரசின் பெயரும் கெடாது. மேற்கு ஆஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸும் உடனே எடுத்துக்கொண்டன.

1901 ஜனவரி 1 அன்று ஆஸ்திரேலியாவின் ஆறு காலனிகளும் சேர்ந்து ஒரே நாடாயின. அந்த நாட்டின் முதல் நாடாளுமன்றம் முதல் ஆண்டிலேயே நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இதில் வலதுசாரிகளை மட்டும் குறைசொல்லித் தப்ப முடியாது. உழைக்கும் மக்களின் கட்சியான லேபர் கட்சிக்கு இந்தச் சட்டத்தின் கடுமை போதவில்லை. டிக்டேஷன் என்று சுற்றி வளைக்காமல், ஆசியர், ஆப்பிரிக்கர் என்று நேராகவே எழுதித் தடுக்க வேண்டும் என்று அதன் தலைவர் கிறிஸ் வாட்சன் திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. அடுத்த ஆண்டு, 1902-இல், வாக்குரிமைச் சட்டம் வந்தது. வெள்ளையினப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை தந்த அதே சட்டம், பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழும் பூர்வகுடிகளில் பெரும்பாலோருக்கு அதை மறுத்தது. வந்தவனுக்குக் கதவடைத்த கையே வீட்டுக்காரனையும் வாசலில் நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலம் புரியும்.

ஆஸ்திரேலியா கடன் வாங்கிய தேர்வை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நேட்டாலில் எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி சட்டத்திலேயே இருந்தது. மனப்பாடம் செய்தவர் உள்ளே போய்விடலாம். ஆஸ்திரேலியா அந்த ஓட்டையை அடைத்தது. எந்த மொழி என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். வந்தவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் ஜெர்மன் மொழியில் வாசிக்கலாம். ஜெர்மனும் தெரிந்தால் வேறொன்று. வெள்ளைத் தோலோடு இறங்கியவரிடம் பொதுவாகத் தாளே நீட்டப்படாது. அறிவைச் சோதிக்கும் நோக்கமே அதில் இல்லை. யாரை விடக் கூடாது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு அவருக்குத் தெரியாத மொழியைத் தேடினார்கள்.

1902, 1903 ஆண்டுகளில் இந்தத் தேர்வு 805 முறை நடந்தது. தேறியவர்கள் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை. தேறியவர்கள் 6 பேர். 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. தன் மக்கள் இப்படி நடத்தப்படுவதை ஜப்பான் கண்டித்ததால், 1905-இல் 'ஐரோப்பிய மொழி' என்பதை 'குறிக்கப்பட்ட மொழி' என்று மாற்றினார்கள். ஜப்பானிய மொழியோ வேறெந்த ஆசிய மொழியோ கடைசிவரை குறிக்கப்படவே இல்லை; ஐரோப்பிய மொழிகளே தொடர்ந்தன.

கருத்துப் பிடிக்காதவரைத் தடுக்கவும் இந்த ஆயுதம் பயன்பட்டது. 1934-இல் பிராக் நகரத்துப் பத்திரிகையாளர் எகோன் கிஷ், போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான மாநாடொன்றில் பேச வந்தார். அரசு அவரைக் கப்பலைவிட்டு இறங்கவிடவில்லை. மெல்பர்னில் கப்பலிலிருந்து துறைமேடைக்குக் குதித்தார், கால் முறிந்தது. தூக்கி மறுபடி கப்பலிலேயே போட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் சிட்னியில் இறங்கியவரிடம் டிக்டேஷன் தாளை நீட்டினார்கள். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர் அவர். எனவே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வாசித்தார்கள்! சட்டம் சொல்லும் பொருளில் கேலிக் ஒரு ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் கிஷ் தப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இத்தாலிய மொழியில் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பியபோது நாடே கொதித்தது. அதற்கு முன் தோற்றுத் திரும்பிய ஆசியர்களுக்காக அப்படி யாரும் கொதிக்கவில்லை. எனக்கு இந்த இடம்தான் அதிகம் வலிக்கிறது.

டிக்டேஷன் 1958-இல் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளையரல்லாதோரை வெளியே நிறுத்திய 'வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை'யின் மிச்சத்தை 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு அகற்றியது. 1975-இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. இவை பெரிய வெற்றிகள், போராடிப் பெற்றவை. ஆனால் இனத்தைச் சொல்லாமலே இனத்தைப் பார்த்து ஒதுக்கும் பழக்கத்தை எந்தச் சட்டமும் ஒரே நாளில் அழித்துவிடாது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள், தகுதிகள் ஒன்றாக இருக்க, பெயரை மட்டும் மாற்றி 4,000-க்கும் மேற்பட்ட வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆங்கிலேயப் பெயருள்ளவருக்குக் கிடைக்கும் அளவு நேர்காணல் அழைப்புகளைப் பெற, சீனப் பெயருள்ளவர் 68 சதவீதம் அதிகமாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மத்திய கிழக்குப் பெயருள்ளவர் 64 சதவீதம். பூர்வகுடிப் பெயருள்ளவர் 35 சதவீதம். இவர்களில் யாருக்கும் எவரும் 'உன் இனத்துக்கு வேலை இல்லை' என்று எழுதியிருக்க மாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் 'உன் ஆங்கிலம் பிரமாதம்' என்று சொல்கிறவர்கள் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். கேட்கிற பிள்ளைக்கு அது மதிப்பெண்ணாகக் கேட்கிறது.

குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்றொரு சிற்றூர். படகில் வந்து அடைக்கலம் கேட்ட ஓர் ஈழத்தமிழ்த் தம்பதியின் குடும்பம் அங்கே வாழ்ந்தது. 2018 மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் எல்லைப் படையினர் வந்து அவர்களை அழைத்துப் போனார்கள். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் காவலில் வளர்ந்தார்கள். பின்பு அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் வைத்தார்கள். பிலோயிலா ஊர்க்காரர்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அவர்களைக் காவலில் வைக்க அதிகாரம் தந்தது 1958-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். டிக்டேஷனை ஒழித்ததும் அதே சட்டம்தான். பலமுறை திருத்தப்பட்டு, அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.