மாலத்தீவு: 59 கோலும் ஒரு டாஸும்

மாலத்தீவுன்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு ஹனிமூன். இன்னொண்ணு மாசிக் கருவாடு. தூத்துக்குடி பக்கத்து ஆளா இருந்தா மூணாவதா தோணியும் சேர்ந்துக்கும். காய்கறி, ஜல்லி, மணல்னு ஏத்திக்கிட்டு தோணிகள் அந்தப் பக்கம் போறது பல தலைமுறைப் பழக்கம்.

கால்பந்துன்னு யாருக்கும் தோணாது. எனக்கும் தோணினதில்லை. 2018 செப்டம்பர்ல தெற்காசியக் கோப்பை இறுதிப் போட்டியில இந்தியா அவங்ககிட்ட தோத்தப்போ, "மாலத்தீவுகிட்டயா தோத்தோம்? வெட்கக்கேடு"ன்னு தலையில அடிச்சுக்கிட்ட கூட்டத்துல நானும் ஒருத்தன். அதுக்கப்புறம்தான் இவங்க யாருன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, நாம வெட்கப்பட்டதுதான் வெட்கக்கேடுன்னு தோணிச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். கிட்டத்தட்ட 1,200 குட்டித் தீவுகள், அதுல மக்கள் வசிக்கறது 200க்குள்ளதான். தலைநகர் மாலே சுமார் ரெண்டு சதுர கிலோமீட்டர். ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு அரைமணி நேரத்துல நடந்துடலாம். அந்த நெரிசலுக்கு நடுவுல, கலோலு பகுதியில தேசிய ஸ்டேடியம். ஒரு நாட்டோட கால்பந்து வரலாறுல பெரும்பகுதி அந்த ஒரே மைதானத்துல நடந்திருக்கு.

சர்வதேச ஆட்டம்னு அவங்க முதல்ல ஆடினது 1979ல், ரீயூனியன் தீவுல நடந்த இந்தியப் பெருங்கடல் விளையாட்டுப் போட்டியில. எதிரணி செஷல்ஸ். அதுவும் குட்டித் தீவுதான். 9-0ன்னு தோத்தாங்க. 1985 டிசம்பர்ல டாக்காவுல பங்களாதேஷ் 8-0. அடுத்த வருஷம் ஃபிஃபாவுல உறுப்பினர் ஆனாங்க. 1991 கொழும்பு தெற்காசிய விளையாட்டுல பாகிஸ்தான்கிட்ட இறுதிப் போட்டியில தோத்து வெள்ளிப் பதக்கம். அட, தேறிட்டாங்களேன்னு நினைக்கும்போதுதான் 1997 வருது.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல மாலத்தீவு களமிறங்கினது அதுதான் முதல் தடவை. 1998 பிரான்ஸ் உலகக் கோப்பைக்கான ஆசியச் சுற்று. ஈரான், சிரியா, கிர்கிஸ்தான் இருந்த பிரிவு. 1997 ஜூன் 2ஆம் தேதி, டமாஸ்கஸ். ஈரான் 17, மாலத்தீவு 0. கரீம் பாகெரிங்கிற ஒரே ஆள் ஏழு கோல் போட்டார். அன்னிக்கு அது உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுலயே பெரிய வெற்றி.

சரி, ஒரு கெட்ட நாள்னு விட்டுடலாமா? முடியாது. சிரியா 12-0. மறுபடி சிரியா 12-0. ஈரான் இன்னொரு தடவை 9-0. கிர்கிஸ்தான் 3-0, 6-0. கூட்டிப் பாருங்க. ஆறு ஆட்டம், வாங்கினது 59 கோல், போட்டது சைபர்.

59 கோல் வாங்கற ஒரு கோல்கீப்பரை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் வலைக்குள்ள குனிஞ்சு பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு அனுப்பணும். சராசரியா ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை. வீட்டுக்குக் கிளம்பிப் போகவும் முடியாது, அடுத்த ஆட்டம் ரெண்டு நாள் கழிச்சு இருக்கு. அந்த மாதிரி ஒரு வாரம் நமக்கு ஆபீஸ்ல வந்தா லீவு போட்டுட்டுக் காணாமப் போயிடுவோம் :-)

ஒரு ஒப்பீடு சொல்றேன். அதே வருஷம் ஜூலை 13ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பார்க்க 1,31,000க்கு மேல கூட்டம். 1995 கணக்குப்படி மாலத்தீவோட மொத்த மக்கள்தொகையே சுமார் 2,45,000. அதாவது அவங்க நாட்டுல பாதிக்கு மேல நம்ம ஊர்ல ஒரே ஸ்டேடியத்துல உட்கார்ந்திருக்கு. இந்தக் கணக்கு போட்ட பிறகு அந்த 59ஐப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரலை.

இன்னொரு விஷயம், இதை யாரும் எழுதறதில்லை. அந்த 59 கோல் வாங்கின மூணே மாசத்துல, 1997 செப்டம்பர், காத்மாண்டுவுல தெற்காசியக் கோப்பை. அதுல மாலத்தீவு இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு! அங்க இந்தியா 5-1ன்னு அடிச்சு அனுப்பிடுச்சு, அது வேற. ஆனா ஜூன்ல அவ்வளவு அடி வாங்கின ஒரு அணி செப்டம்பர்ல ஃபைனல் ஆடினது சாதாரண விஷயமா?

2001ல மறுபடி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. முதல்முறையா கோல் போட்டாங்க. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, மாலேயில கம்போடியாவை 6-0ன்னு ஜெயிச்சாங்க. அப்புறம் சீனா. ஏப்ரல் 22ஆம் தேதி ஷியான் நகரத்துல சீனா 10-1. சரி, பழைய கதைதான்னு நினைச்சா, ஆறே நாள்ல மாலேயில திருப்பி ஆடினப்போ சீனா திக்கித் திணறி 1-0. ஜெயிச்சது அந்த வருஷம் உலகக் கோப்பைக்கே தகுதி பெற்ற அணி. ஒரே எதிரணி, ஒரே வாரம், பத்து கோல் ஒரு கோல் ஆகுது. நம்ம மைதானம், நம்ம வெயில், நம்ம ஜனம்னா என்னங்கிறது அந்த ரெண்டு ஸ்கோருக்கு நடுவுல இருக்கு. காற்றுல உப்பும் ஈரமும் கலந்த அந்தப் புழுக்கம் கடலோர ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

2003 டிசம்பர்ல மங்கோலியா மாலேக்கு வந்துச்சு. முடிவு என்ன தெரியுமா? மாலத்தீவு 12, மங்கோலியா 0. சிரியாகிட்ட ரெண்டு தடவை வாங்கின அதே 12-0. கைமாத்தா வாங்கினதை வேற ஆள்கிட்ட திருப்பிக் கொடுத்த மாதிரி. மங்கோலியா என்ன பாவம் பண்ணுச்சோ.

இப்ப முக்கியமான ஆட்டத்துக்கு வரேன். 2004 மார்ச் 31. தென்கொரியா மாலேக்கு வருது. ரெண்டு வருஷம் முன்னாடிதான் சொந்த மண்ணுல நடந்த உலகக் கோப்பையில இத்தாலி, ஸ்பெயின் ரெண்டையும் வெளியேத்தி அரையிறுதி ஆடின அணி. கோச் உம்பர்ட்டோ கொயெல்யோ, போர்ச்சுகல்காரர். மாலத்தீவு அதுக்கு முந்தின மாசம்தான் வியட்நாம்ல 4-0 தோத்துட்டு வந்திருக்கு. யார் பந்தயம் கட்டுவாங்க?

90 நிமிஷம். 0-0.

கோல் இல்லாத ஒரு ஆட்டத்தை ஒரு நாடே கொண்டாட முடியும்னா அது இதுதான். கொயெல்யோவுக்கு ஏற்கனவே அந்த முந்தின வருஷம் வியட்நாம், ஓமன்கிட்ட தோத்த கெட்ட பேர் இருந்தது. மாலேதான் கடைசி ஆணி. ஏப்ரல்ல பதவி போச்சு. அந்த அக்டோபர்ல அதே வியட்நாமை மாலேயில 3-0 ஜெயிச்சாங்க. நவம்பர்ல சோல் நகரத்துல கொரியா 2-0. அங்கயும் ஒரு மணி நேரத்துக்கு மேல கொரியாவைக் கோல் போட விடலை.

அதே டிசம்பர்ல சுனாமி. அதைப் பத்தி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரைக்கும் படிச்சவங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம், கோப்பை ஏதாவது ஜெயிச்சாங்களா இல்லையான்னு. 2003 ஜனவரியில டாக்காவுல தெற்காசிய ஃபைனல், பங்களாதேஷ்கிட்ட பெனால்டியில தோல்வி. ரெண்டு ஃபைனல், ரெண்டும் கைவிட்டுப் போச்சு. 2008ல போட்டியை மாலத்தீவும் இலங்கையும் சேர்ந்து நடத்தின. பிரிவு ஆட்டம் மாலேயில, அங்கயே இந்தியா 1-0 ஜெயிச்சுட்டுப் போச்சு. அரையிறுதி கொழும்புல, இலங்கையை அவங்க மண்ணுலயே 1-0. ஃபைனல்ல மறுபடி இந்தியா. பாய்சங் பூட்டியா, சுனில் சேத்ரி இருந்த முழு அணி, கோச் பாப் ஹௌட்டன். ஜூன் 14, சுகததாச ஸ்டேடியம். ஆட்டம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது முக்தார் நசீர் போட்ட ஒரே கோல். முதல் கோப்பை.

அந்தக் காலத்து அணியோட முகம்னா அலி அஷ்ஃபாக். நாட்டுக்காக 50 கோலுக்கு மேல போட்டவர். 2013ல இலங்கைக்கு எதிரா 10-0 ஜெயிச்ச ஆட்டத்துல அவர் மட்டும் ஆறு. தெற்காசியாவுல சேத்ரியோட சமமா வெச்சுப் பேசக்கூடிய ஒரே ஆள்னு நான் சொல்வேன். சேத்ரிக்குப் பின்னாடி நூறு கோடிக்கு மேல ஜனம் இருந்தது, இவருக்குப் பின்னாடி ஒரு மதுரைகூட இல்லை.

ஆனா 2008க்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2009 ஃபைனல், இந்தியாகிட்ட பெனால்டியில தோல்வி (வந்தது நம்ம 23 வயசுக்குட்பட்ட அணி). 2011 டெல்லி அரையிறுதி, இந்தியா 3-1. 2013 காத்மாண்டு அரையிறுதி, இந்தியா 1-0. 2015 கடைசி நாள் திருவனந்தபுரத்துல அரையிறுதி, இந்தியா 3-2. திருவனந்தபுரம் மாலத்தீவுக்காரங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. வைத்தியத்துக்கு அங்கதான் வருவாங்க. அங்கயும் விடலை. நாம அவங்களைப் பத்தி நினைச்சதே இல்லை. அவங்க கதையில ஒவ்வொரு அத்தியாயத்துலயும் வாசல்ல நிக்கற ஆள் நாமதான்.

அப்புறம்தான் 2018, டாக்கா. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இதுதான்.

இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மூணே அணி இருக்கற பிரிவு. ரெண்டு அணி அரையிறுதி போகும். இந்தியா இலங்கையை 2-0 ஜெயிச்சது. மாலத்தீவும் இலங்கையும் 0-0. கடைசி ஆட்டத்துல இந்தியாகிட்ட மாலத்தீவு ஒரு கோல்ல தோத்திருந்தா உள்ளே, மூணு கோல்ல தோத்திருந்தா வெளியே. அச்சு அசலா 2-0 தோத்தாங்க. இப்ப இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் புள்ளி ஒண்ணு, வாங்கின கோல் ரெண்டு, போட்ட கோல் சைபர். எல்லாம் ஒண்ணு. என்ன செய்யறது? நாணயத்தைச் சுண்டினாங்க. நம்ம தெருவுல பேட்டிங் யாருன்னு முடிவு பண்ற மாதிரி! டாஸ் மாலத்தீவுக்கு விழுந்தது. ஒரு கோல்கூடப் போடாம அரையிறுதி.

அணியில அஷ்ஃபாக் கிடையாது. கோச் பீட்டர் செக்ரட், அஷ்ஃபாக் இல்லாமலேதான் டாக்காவுக்கு வந்திருந்தார். ஊர்ல எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்னு யோசிச்சுக்குங்க. அரையிறுதியில நேபாளம் 3-0. செப்டம்பர் 15, ஃபைனல். இந்தியா அனுப்பினது மறுபடி பெரும்பாலும் 23 வயசுக்குட்பட்ட பசங்களைத்தான், அதை ஒத்துக்கணும். இப்ராஹிம் மஹுதி ஒண்ணு, அலி ஃபாசிர் ஒண்ணு. இந்தியா கடைசி நிமிஷத்துல ஒண்ணு போட்டும் பிரயோசனம் இல்லை. 2-1. ரெண்டாவது கோப்பை.

கொசுறா ஒண்ணு. 2008ல கோப்பை வந்த சில மாசத்துல 30 வருஷமா ஆண்ட கயூம் தேர்தல்ல தோத்தார். 2018ல கோப்பை வந்து எட்டாவது நாள் யாமீன் தோத்தார். மாலே ஆட்சியாளர்கள் கால்பந்து அணியைக் கொஞ்சம் பயத்தோடதான் பார்க்கணும் :-)

டாஸ்ல வந்த கோப்பைதானேன்னு ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கலை. இலங்கைக்கும் அதே டாஸ்தான். டாஸ் அவங்களை அரையிறுதிக்குள்ள விட்டது, அவ்வளவுதான். நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் சேர்த்துப் போட்ட அஞ்சு கோலை நாணயம் போடலை.

அதுக்கப்புறம் இறங்குமுகம். 2021 அக்டோபர்ல தெற்காசியக் கோப்பையே மாலேயில. கடைசி ஆட்டத்துல இந்தியாகிட்ட டிரா பண்ணினா போதும், ஃபைனல். சொந்த மைதானம், சொந்த ஜனம். அஷ்ஃபாக் பெனால்டியில ஒரு கோலும் போட்டார். சேத்ரி ரெண்டு போட்டார். 3-1, வாசல்ல மறுபடி நாம. 2023 அக்டோபர்ல பங்களாதேஷ்கிட்ட தோத்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றோட முதல் படியிலயே வெளியேறினாங்க.

2025 மார்ச் 19, ஷில்லாங். அப்போ இந்தியா ஜெயிச்சு 16 மாசம் ஆகியிருந்தது. 2024 முழுக்க ஒரு வெற்றி கிடையாது. ஓய்வு பெற்ற சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூப்பிட்டு ஆட வெச்சாங்க. ஒரு வெற்றி வேணும், எப்படியாவது வேணும்னு கூப்பிட்ட எதிரணி மாலத்தீவு. 3-0. மூணாவது கோல் சேத்ரி. மறுநாள் நம்ம பத்திரிகையெல்லாம் சேத்ரி திரும்பி வந்ததைத்தான் எழுதினாங்க. எதிர்ல ஆடின பதினோரு பேர்ல ஒருத்தர் பேராவது இருக்கான்னு தேடிப் பார்த்தேன். நான் பார்த்த மூணு பேப்பர்லயும் இல்லை.